ராமானுஜனும் ஒற்றை எண்ணும்: கணினி வேகச் சோதனைகளை எவ்வளவு நம்பலாம்?

சிம் லிம் ஸ்குவேருக்குப் புதுக் கணினி வாங்கப் போகிறீர்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். இரண்டு கணினிகள் பிடித்திருக்கின்றன. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எது வேகமானது?

கணினி ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் எளிய வழி ஒன்று உண்டு. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' எண்ணை, ஒரு மில்லியன் இலக்கம்வரை கணக்கிடச் சொல்வார்கள். எத்தனை விநாடி பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். குறைவான விநாடி எடுத்தது ஜெயித்தது. அவ்வளவுதான்.

கணித மென்பொருள்களை ஒப்பிடுபவர்களும் பெரும்பாலும் இதையேதான் செய்கிறார்கள். மேத்தமேட்டிக்கா, மேட்லேப், மேப்பிள், சேஜ் என்று எதை எடுத்தாலும் சரி. ஒரே கணக்கைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, கடைசியில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஒற்றை எண்ணை எவ்வளவு நம்பலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, கணினியே இல்லாத காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரின் வாழ்க்கை உதவும். அவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். அவரையும் ஒற்றை எண்ணால் அளந்தார்கள், ஒரு முறை அல்ல, பல முறை. அவர் எழுதிய சூத்திரங்களின் வழிவந்த ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் இன்று 'பை' கணக்கில் உலகச் சாதனைகள் படைக்கப்படுகின்றன.

கும்பகோணத்துப் பையன்

ராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள். வீடு சாரங்கபாணி கோயில் அருகில், சன்னதித் தெருவில்.

1897ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே முதல் மதிப்பெண். அப்போது அவருக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. அடுத்த ஆண்டு டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

சுமார் 15, 16 வயதில் ஜார்ஜ் கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணிதப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. சுமார் 5,000 கணித முடிவுகளின் பட்டியல் அது. பெரும்பாலானவற்றுக்கு விளக்கம் கிடையாது. பையன் ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க முயன்றான். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதும் பழக்கம் வந்தது. முடிவு இருக்கும், வழி இருக்காது. அந்த நோட்டுகளைப் புரிந்துகொள்ளக் கணித உலகம் பல ஆண்டுகள் உழைத்தது.

மேதை தோற்ற தேர்வு

1904ஆம் ஆண்டு பள்ளியில் கணிதப் பரிசு வாங்கினார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடமும் கிடைத்தது. ஆனால் கணிதத்தைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. ஆங்கிலத்தில் தோற்றார், உதவித்தொகை போனது.

1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார். எஃப்ஏ என்ற அந்தக் கால இடைநிலைத் தேர்வை எழுதினார். தோல்வி. அடுத்த ஆண்டு மறுபடி எழுதினார். மறுபடியும் தோல்வி. கணிதம் சரியாகத்தான் இருந்தது. உடலியல் போன்ற மற்றப் பாடங்கள் காலை வாரிவிட்டன.

தேர்வு பொய் சொன்னதா? இல்லை. எல்லாப் பாடங்களிலும் ஓரளவு தேறியவரா என்பதுதான் அந்தத் தேர்வு கேட்ட கேள்வி. அதற்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது. ஆனால் ஊரார் அதை வேறு ஒரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொண்டார்கள்: இந்தப் பையனுக்குப் படிப்பு வருமா, வராதா?

இந்தச் சிக்கல் சிங்கப்பூர்ப் பெற்றோருக்குப் புதிதல்ல. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு மாணவரை மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு மூன்றிலக்க எண்ணாகச் சொன்ன பழைய முறை 2021ஆம் ஆண்டோடு மாறியது. இப்போது பாடத்துக்குப் பாடம் தனித்தனி அடைவுநிலை. மொத்தம் 4 முதல் 32 வரை. ஓரிரு மதிப்பெண் வித்தியாசத்தை வைத்துப் பிள்ளைகளை அளவுக்கு மீறிப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்பது மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

கணினிச் சோதனைக்கும் இது பொருந்தும். 'பை' கணக்கில் முந்திய மென்பொருள், நீங்கள் நாள்தோறும் செய்யும் புள்ளிவிவர வேலையிலும் முந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சோதனை ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அது நம் கேள்விதானா என்பதை நாம்தான் பார்க்கவேண்டும்.

துறைமுகத்திலிருந்து ஒரு கடிதம்

பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. நோட்டுப் புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார் ராமானுஜன். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமஸ்வாமி ஐயர், நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவ் போன்றவர்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்து உதவினார்கள். அவர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை என்பது கவனிக்கவேண்டியது.

1912ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதம் 30 ரூபாய்.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித வல்லுநர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். வேறு இரண்டு கேம்பிரிட்ஜ் வல்லுநர்களுக்கு எழுதியும் பலன் இல்லாமல் போயிருந்தது.

ஹார்டி என்ன செய்தார்? சக கணித வல்லுநர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து சூத்திரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறானவை. சில, இதுவரை யாரும் பார்த்திராதவை. மொத்தமாக இத்தனை மார்க் என்று போடாமல், எது எந்த வகை என்று பிரித்துப் பார்த்தார்.

ஹார்டிக்கு அந்தப் பழக்கம் இருந்ததில் வியப்பில்லை. கேம்பிரிட்ஜின் புகழ்பெற்ற கணிதத் தேர்வில் 1898ஆம் ஆண்டு நான்காம் இடம் பெற்றவர் அவர். மாணவர்களை முதலாம், இரண்டாம் இடம் என்று வரிசைப்படுத்தி அறிவிக்கும் அந்தத் தேர்வு முறையே கணித வளர்ச்சிக்குத் தடை என்று எதிர்த்தவரும் அவர்தான். அந்த வரிசைப் பட்டியல் 1909ஆம் ஆண்டுடன் முடிவுக்கு வந்தது.

சின்ன எண்களை நம்பிய தவறு

ராமானுஜனின் கடிதத்தில் இருந்த முக்கியமான தவறு பகா எண்களைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்று சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக அவர் எழுதியிருந்தார். அது மிகத் துல்லியமானது என்றும் கருதினார்.

சின்ன எண்களுக்குப் போட்டுப் பார்த்தால் விடை அற்புதமாகப் பொருந்தும். சிக்கல் என்னவென்றால், எண்கள் பெரிதாகப் பெரிதாக அந்தத் துல்லியம் நிற்காது.

இதே துறையில் 1914இல் லிட்டில்வுட் ஓர் ஆச்சரியமான உண்மையை நிரூபித்தார். பகா எண்களின் எண்ணிக்கையை மதிப்பிடும் ஒரு புகழ்பெற்ற சூத்திரம், எப்போதும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விடை சொல்லும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். கணக்கிட்டுப் பார்த்த அட்டவணைகள் அனைத்தும் அப்படித்தான் காட்டின. ஆனால் எங்கோ வெகு தொலைவில் அது தலைகீழாகும், அதுவும் முடிவில்லாமல் பல முறை மாறி மாறி நடக்கும் என்று லிட்டில்வுட் காட்டினார். எவ்வளவு சோதித்தாலும் சோதனை எட்டாத தூரத்தில் விடை மாறலாம்.

மென்பொருள் ஒப்பீட்டில் இது அன்றாடப் பிரச்சினை. இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவதை எடுத்துக்கொள்வோம். நாம் பள்ளியில் படித்த முறை சின்ன எண்களுக்கு வேகமானது. இலக்கங்கள் ஆயிரக்கணக்கில் போனால் வேறு முறைகள் முந்தும். லட்சக்கணக்கில் போனால் இன்னொன்று முந்தும். நல்ல மென்பொருள்கள் எண்ணின் அளவைப் பார்த்துத் தாமாகவே முறையை மாற்றிக்கொள்ளும்.

அப்போ, 1,000 இலக்கத்தில் நடத்திய சோதனையில் ஜெயித்த மென்பொருள் 10 மில்லியன் இலக்கத்தில் படுதோல்வி அடையலாம். ஒரே அளவில் நடத்திய சோதனை, அந்த அளவைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

1914: 'பை'க்கு 17 வழிகள்

1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். ஏப்ரல் 14ஆம் தேதி லண்டன் சேர்ந்தார். சில மாதங்களில் முதல் உலகப் போர் மூண்டது.

அதே ஆண்டு 'பை' எண்ணைப் பற்றிய அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதில் 'பை'யைக் கணக்கிட 17 தொடர்கள் இருந்தன.

அவை எவ்வளவு வேகமானவை? பழைய முறையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று போகும் தொடர் ஒன்று உண்டு. 14ஆம் நூற்றாண்டுக் கேரளத்தின் மாதவர் மரபில் அறியப்பட்டது. இந்த முறையில் ஆறு தசம இடம் சரியாக வர ஏறக்குறைய ஒரு மில்லியன் முறை கூட்டிக் கழிக்கவேண்டும்.

ராமானுஜனின் தொடர்களில் மிகப் பிரபலமானது, முதல் உறுப்பிலேயே ஆறு தசம இடங்களைச் சரியாகத் தந்துவிடும். 9801ஐ, 1103 மற்றும் 2இன் வர்க்கமூலத்தின் இருமடங்கு ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் போதும். கைப்பேசிக் கணிப்பானில் போட்டுப் பாருங்க, 3.1415927 வரும். அடுத்த ஒவ்வோர் உறுப்பும் சுமார் எட்டு இலக்கங்களைக் கூட்டித் தரும்.

ஓர் உறுப்புக்கு எட்டு இலக்கம். இதுவும் ஓர் எளிய அளவுகோல்தான். அதிக இலக்கம் தரும் தொடர்தான் வேகமானது என்று நினைக்கத் தோன்றும்.

சிங்கப்பூரிலிருந்து வந்த பதில்

1980களின் இறுதியில் சுட்நொவ்ஸ்கி சகோதரர்கள், ராமானுஜன் வழியில் இன்னொரு தொடரைக் கண்டுபிடித்தார்கள். அது உறுப்புக்கு சுமார் 14 இலக்கம் தரும்.

பிறகு இன்னும் பெரிய பாய்ச்சல். 2001ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் உறுப்புக்கு 73 அல்லது 74 இலக்கம் தரும் தொடர் ஒன்று வந்தது. அதை எழுதியவர்கள் இருவர். ஒருவர், ராமானுஜனின் நோட்டுகளை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்ட அமெரிக்கப் பேராசிரியர் புரூஸ் பெர்ண்ட். மற்றவர், அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற, அப்போது சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் இருந்த சான் ஹெங் ஹுவாட்.

74, 14ஐவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். அப்படியென்றால் உலகச் சாதனைகளுக்கு அந்தத் தொடரைத்தானே பயன்படுத்தவேண்டும்?

இல்லை. இன்றும் சாதனைகளுக்குப் பயன்படுவது 14 இலக்கத் தொடர்தான். காரணம் எளிது. 14 இலக்கத் தொடரில் இருப்பவை பெரும்பாலும் முழு எண்கள். கணினி அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெருக்கி, மறுபடி சேர்த்து வேகமாக முடித்துவிடும். 74 இலக்கத் தொடரில் வர்க்கமூலங்கள் பின்னிக் கிடக்கும் எண்கள் வருகின்றன. உறுப்புகள் குறைவு, ஆனால் ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை அதிகம்.

அந்தத் தொடரின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. அந்த ஆய்வு வேகப் பந்தயத்துக்காகச் செய்யப்பட்டதல்ல, கணிதத்தின் ஆழத்தைக் காட்டியது. உறுப்புக்கு எத்தனை இலக்கம் என்ற எண்ணை மட்டும் வைத்து வேகத்தை முடிவு செய்தால்தான் தவறு நேரும்.

விடை சரியா என்பதே முதல் சோதனை

போர்க்கால இங்கிலாந்தில் ராமானுஜனும் ஹார்டியும் சேர்ந்து செய்த பெரிய வேலை, எண்களைப் பிரிக்கும் வழிகளைப் பற்றியது. நான்கை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் ஐந்து வழி. 200க்கு எத்தனை வழி?

இதற்கு அவர்கள் கண்ட சூத்திரம் 1918இல் வெளியானது. சரியா என்று எப்படிப் பார்ப்பது? மேக்மேஹன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, கணக்கில் புலி. அவர் வேறொரு முறையில், 200 வரையிலான எல்லா எண்களுக்கும் கையாலேயே கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்திருந்தார். 200க்கு விடை 3,972,999,029,388.

சூத்திரத்தில் எட்டு உறுப்புகளைப் போட்டதும் அதே விடை வந்தது. வித்தியாசம் வெறும் 0.004.

இங்கே யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வேறு வழிகளில் போன இருவர் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தார்களா என்பதுதான் கேள்வி. கணித மென்பொருளைச் சோதிப்பவர்கள் முதலில் செய்யவேண்டியதும் இதுதான். தவறான விடையை அரை விநாடியில் தரும் மென்பொருளால் யாருக்கு என்ன லாபம்?

அந்தச் சூத்திரத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. பின்னாளில் மேம்படுத்தப்பட்ட அதே சூத்திரத்தைத்தான் பல கணித மென்பொருள்கள் பயன்படுத்தி வந்தன. 2012இல் ஃபிரெட்ரிக் யோஹான்சன் என்ற ஆய்வாளர் அதை வேறு விதமாக நிரலாக்கிக் காட்டினார். அதுவரை வெளியாகியிருந்த மென்பொருள்களைவிட 500 மடங்குக்கும் கூடுதல் வேகம் கிடைத்தது. சூத்திரம் ஒன்றுதான், நிரல் எழுதிய கைதான் வேறு. ஆகவே ஒரு கணக்கில் ஒரு மென்பொருள் மெதுவாக இருந்தால், முழு மென்பொருளும் மோசம் என்று அர்த்தமில்லை. அந்த ஒரு பகுதியை யாரும் இன்னும் செதுக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

நூற்றுக்கு நூறு, ஆனாலும்...

1917இல் ராமானுஜன் நோயில் விழுந்தார். மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. பெருமைகளும் அதே சமயத்தில்தான் வந்தன. 1918ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ. அந்தப் பொறுப்பைப் பெற்ற முதல் இந்தியர் அவர்.

1919இல் ஊர் திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையில் இருந்தபடியே கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது 32.

கணித வல்லுநர்களின் இயல்பான திறனுக்கு ஹார்டி பிற்காலத்தில் மதிப்பெண் போட்டதாக, ஹங்கேரியக் கணித மேதை பால் எர்டிஷ் சொல்லியிருக்கிறார். தனக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஜெர்மானிய மேதை ஹில்பர்ட்டுக்கு 80, ராமானுஜனுக்கு 100.

கல்லூரித் தேர்வில் தோல்வி, ஹார்டியிடம் நூற்றுக்கு நூறு. இரண்டும் ஒரே மனிதருக்குக் கிடைத்தவை. அந்த 100ஐ மட்டும் வைத்துப் பார்த்தாலும் ராமானுஜன் புரியமாட்டார். பகா எண் விஷயத்தில் அவர் சறுக்கியது அந்த எண்ணில் தெரியாது. நிரூபணம் எழுதும் பழக்கத்தை இங்கிலாந்தில்தான் வளர்த்துக்கொண்டார் என்பதும் தெரியாது.

இறந்த பிறகு கணினிக்குள் வந்தவர்

ராமானுஜனின் 'பை' தொடர் பல ஆண்டுகள் பெரிதாகப் பயன்படாமல் கிடந்தது. 1985இல் அமெரிக்கக் கணினி நிபுணர் பில் காஸ்பர் அதை வைத்து 'பை'யை 17 மில்லியனுக்கும் அதிகமான இலக்கம்வரை கணக்கிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூத்திரத்துக்கு அப்போது முழுமையான நிரூபணமே இல்லை. முன்பு வேறு முறையில் கணக்கிட்ட இலக்கங்களோடு ஒப்பிட்டுத்தான் நம்பிக்கை கொள்ளவேண்டியிருந்தது. 1987இல் போர்வைன் சகோதரர்கள் நிரூபணம் தந்தார்கள்.

ராமானுஜனின் கருத்துகளிலிருந்து போர்வைன் சகோதரர்கள் இன்னொரு முறையையும் உருவாக்கினார்கள். அதை எடுத்துக்கொண்டு 1986இல் நாசாவின் டேவிட் பெய்லி, கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் 29 மில்லியன் இலக்கங்களைக் கணக்கிட்டார். இந்தக் கணக்கு அந்த இயந்திரத்தில் இருந்த சில மறைமுகமான வன்பொருள் குறைகளையும் வெளிக்கொண்டு வந்தது. 'பை' கணக்கில் ஓர் இலக்கம் பிசகினாலும் பின்னால் வருவதெல்லாம் குப்பை. அதனால் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அது நல்ல சோதனை. வேகத்தைவிட நம்பகத்தன்மைக்கு.

இதே பெய்லி 1991இல் எழுதிய ஒரு நையாண்டிக் கட்டுரை, கணினி உலகில் இன்றும் பேசப்படுகிறது. வேகச் சோதனை முடிவுகளைக் காட்டி மக்களை ஏமாற்ற 12 வழிகள் என்பது அதன் பொருள். துல்லியம் குறைவான கணக்கை ஓட்டிவிட்டு அதைச் சொல்லாமல் விடுவது, போட்டியாளரின் பழைய இயந்திரத்தில் பழைய நிரலை ஓட்டி ஒப்பிடுவது, கேள்வி எழுந்தால் வண்ணப் படங்களைக் காட்டிப் பேச்சை மாற்றுவது என்று பட்டியல் நீள்கிறது. 'பை' கணக்கை நன்கு அறிந்தவரே எச்சரிக்கை மணியும் அடித்தார்.

ஒரு மில்லியன் இலக்கம்: எங்கே இடறும்?

ஆர்வலர்களிடம் பரவிய சூப்பர் பை என்ற சின்ன மென்பொருள், 1990களில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் சாதனைக் கணக்குகளிலிருந்து பிறந்தது. அதில் இருப்பது ராமானுஜன் தொடர் அல்ல, காஸ், லெஜாந்தர் பெயரில் வழங்கும் வேறு முறை. அது பிராசஸரின் ஒரே ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும். எட்டு கோர் கணினி வாங்கினாலும் மற்ற ஏழும் சும்மா நிற்கும். சிலர் முடிவுகளைத் திருத்தி ஏமாற்றத் தொடங்கியதால், சரிபார்ப்புக் குறியீடு சேர்த்த பதிப்பும் வரவேண்டியிருந்தது.

கணித மென்பொருள்களை ஒப்பிடும்போது வேறு சிக்கல்கள் உண்டு.

முதலாவது, நினைவில் வைத்துக்கொள்வது. 'பை'யை ஒரு முறை கணக்கிட்டதும் விடையைப் பத்திரப்படுத்திக்கொள்ளும் மென்பொருள்கள் உள்ளன. இரண்டாவது முறை கேட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வரும். கணக்குப் போடவில்லை, எடுத்துக் கொடுத்தது.

இரண்டாவது, உள்ளே இருப்பது யார் என்பது. பெரிய எண்களைக் கையாளப் பல மென்பொருள்கள் ஜிஎம்பி என்ற ஒரே நிரல் தொகுப்பை நம்பியிருக்கின்றன. இரண்டு கடைகளில் ஒரே பேக்டரி பிரெட்டை வாங்கி எது ருசி என்று பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, கடிகாரம் எப்போது நிற்கிறது என்பது. கணினி உள்ளே இரும எண்ணில் கணக்குப் போடுகிறது. அதை நாம் படிக்கும் தசம எண்ணாக மாற்றவும் திரையில் காட்டவும் தனி நேரம் பிடிக்கும். ஒரு சோதனை அதைச் சேர்க்கும், இன்னொன்று விட்டுவிடும்.

நான்காவது, மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் உள்ள உறவு. மேட்லேப் மென்பொருளின் பழைய பதிப்புகள், இன்டெல் உருவாக்கிய கணித நிரல் தொகுப்பைப் பயன்படுத்தின. அந்தத் தொகுப்பு ஏஎம்டி பிராசஸர்களில் வேகம் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுத்தது. 2019இல் பயனாளர்கள் ஓர் அமைப்பை மாற்றியதும் அதே கணினியில் வேகம் வெகுவாகக் கூடியது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் நிலைமை சரிசெய்யப்பட்டது. அதற்கு முன் வெளியான ஒப்பீடுகளில் ஏஎம்டி பின்தங்கியதற்கு அதன் பிராசஸர் மட்டுமே காரணம் என்று சொல்லமுடியாது.

ஐந்தாவது, நம்ம ஊர் வெயில். சூடேறினால் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய கடைக்குள் ஒரு நிமிடம் ஓடிய சோதனையும், தேக்கா கோப்பிக்கடையில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் ஓடிய வேலையும் ஒரே எண்ணைத் தராது.

சூப்பர் கம்ப்யூட்டர்களும் விதிவிலக்கல்ல. உலகின் முதல் 500 இயந்திரங்களின் பட்டியல், சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரே சோதனையை வைத்து வரிசைப்படுத்தப்படுகிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் டொங்காராவே பின்னர் வேறு வகைச் சோதனையையும் கொண்டுவந்தார். அதில் பெரிய இயந்திரங்கள்கூடத் தங்கள் உச்ச வேகத்தின் சில விழுக்காட்டையே எட்டுகின்றன.

சரி, என்ன செய்யலாம்?

எளிய சோதனைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரே கணினியில் ஏதோ கோளாறு என்று கண்டுபிடிக்க, மென்பொருளின் புதிய பதிப்பு பழையதைவிட மெதுவாகிவிட்டதா என்று பார்க்க அவை ரொம்ப உதவும். கணினி வாங்கவோ, பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் மென்பொருள் தேர்வு செய்யவோ அதை மட்டும் நம்பினால்தான் பணம் வீணாகலாம்.

முடிவைப் பார்த்ததும் சில கேள்விகள் கேளுங்கள்:

- விடை சரி என்று வேறு வழியில் பார்த்தார்களா?
- சின்னது, நடுத்தரம், பெரியது என்று பல அளவுகளில் ஓட்டினார்களா?
- ஒரே முறையா, பல முறையா? முதல் ஓட்டத்தையும் அடுத்தவற்றையும் பிரித்துச் சொன்னார்களா?
- மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த பிராசஸர், எத்தனை கோர்?
- நான் செய்யப்போகும் வேலைக்கும் இந்தச் சோதனைக்கும் என்ன சம்பந்தம்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். முடிந்தால் உங்கள் சொந்த வேலையில் ஒரு பகுதியையே எடுத்து இரண்டு மென்பொருளிலும் ஓட்டிப் பாருங்கள். அதைவிடச் சிறந்த சோதனை இல்லை.

ராமானுஜன் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் 1976வரை கேம்பிரிட்ஜ் நூலகத்தில் கவனிக்கப்படாமல் கிடந்தன. ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித வல்லுநர் அவற்றைக் கண்டெடுத்தார். ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கும் வேலை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீடித்தது. எஃப்ஏ தேர்வு அந்த மனிதரை ஒரே சொல்லில் முடித்திருந்தது: தோல்வி.